கஷ்டம் யாருக்கும் கடை திறந்து கொடுத்ததில்லை

அண்மையில் ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்குப் போயிருந்தேன். வழமையான நிகழ்ச்சிநிரல்தான். கிராஅத், வரவேற்புரை, நூல் ஆய்வுரை, முதற்பிரதி வழங்கல், பொன்னாடை. முதற்பிரதியைப் பெற்றுக்கொண்டவர் நமது பிரதேசத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வர்த்தகப் பிரமுகர். அவரை அறிமுகஞ் செய்ய வந்த பேச்சாளர் நூலைப் பற்றிப் பேசியதிலும் பார்க்க அதிக நேரம் அவரைப் பற்றியே பேசினார். 1990 இல் வெறுங்கையோடு வந்தவர், நடைபாதையில் செருப்பு விற்றவர், பட்டினி கிடந்தவர், இன்று மூன்று கடைகளுக்குச் சொந்தக்காரர். "கஷ்டம்தான் இவரை உருவாக்கியது. ஸபுர் செய்தார், அல்லாஹ் கொடுத்தான். இளைஞர்களே, கஷ்டத்தை வரவேற்றுக்கொள்ளுங்கள்!" என்று முடித்தார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன்.

தட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. அந்தப் பேச்சு முழுப் பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் படுத்திருப்பேன். அதில் பாதி உண்மை இருந்தது. அதே பாதி உண்மையை, அதே வார்த்தைகளில், நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். என் மாமாவுக்கு ஊர்ச் சங்கம் ஒரு பாராட்டு மலர் வெளியிட்டபோது அதிலிருந்த பிரதான கட்டுரை என்னுடையது. எனவே இங்கே நான் பிறரைத் தாக்கி எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். முதல் அடி எனக்கே விழட்டும்.

கதையின் தொடக்கத்தைச் சரியாகச் சொல்லிவிடுவோம். 1990 ஒக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும் இருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் அது ஒக்டோபர் 30 ஆம் திகதி நடந்தது. ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலம் அவகாசம் கொடுத்தார்கள். நகையும் பணமும் வழியிலேயே பறிக்கப்பட்டன. இரும்புக்கடை, துணிக்கடை, நகைக்கடை, லொறி என்று வைத்திருந்தவர்கள் கைச்செலவுக்குச் சில நூறு ரூபாவோடு புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டில்களில் போய் இறங்கினார்கள்.

இதற்குப் பெயர் அநியாயம். மழை பொய்த்தால் அது கஷ்டம். ஒருவன் துவக்கோடு வந்து கடைச் சாவியை வாங்கிக்கொண்டால் அது அநியாயம். இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதுதான் நமது மேடைகள் செய்கிற முதலாவது தவறு. "கஷ்டம் உங்களை உயர்த்தியது" என்று அகதிக்கு நாம் சொல்லும்போது, சாவியை வாங்கியவனுக்கும் சேர்த்தே நன்றி சொல்லிவிடுகிறோம். அந்த நன்றியைச் சொல்ல நமக்கு யார் அதிகாரம் தந்தது?

இனி மாமாவின் கதைக்கு வருகிறேன். மலரில் நான் எழுதாமல் விட்ட பகுதிகளோடு.

மாமா யாழ்ப்பாணத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். சரக்கு கொழும்பு புறக்கோட்டையிலிருந்து கடனுக்கு வரும். வெளியேறியபோது கடையோடு கணக்குப் புத்தகங்களும் போயின. புத்தளத்துக்கு வந்த முதல் வாரத்தில், முகாமில் தண்ணீருக்கு வரிசை நின்ற நேரம் போக மீதி நேரத்தில், யாரோ கொடுத்த ஓர் அப்பியாசக் கொப்பியில் ஞாபகத்திலிருந்து எழுதத் தொடங்கினார். இடப்பக்கத்தில் தனக்கு வரவேண்டியது, வலப்பக்கத்தில் தான் கொடுக்கவேண்டியது. இடப்பக்கத் தொகைதான் பெரியது. அதில் ஒரு சதமும் திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும். அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு கீறினார். வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு பஸ் ஏறினார்.

புறக்கோட்டையில் அவருக்குச் சரக்குக் கொடுத்த முதலாளி முஸ்லிம் அல்லர். கொப்பியை வாங்கித் தன் பேரேட்டோடு ஒத்துப் பார்த்தார். மாமாவின் கணக்கில் எண்ணூறு ரூபா கூடுதலாக இருந்தது. "தம்பி, உங்கட கணக்கில பிழை இருக்கு. கடனைக் கூட்டி எழுதியிருக்கிறீங்க" என்றாராம். "பழையதைப் பிறகு பார்ப்பம்" என்று சொல்லி, பூட்டு, பிணைச்சல், ஆணி என்று இரண்டு பெட்டிச் சாமானைக் கடனுக்கு ஏற்றிவிட்டார். மாமா அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். பழைய கடன் தீர ஏழு வருடம் சென்றது.

பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர் மாமாவின் நண்பர். லொறி வைத்திருந்தவர். தன்னைவிட அவரே கெட்டிக்கார வியாபாரி என்று மாமா இன்றைக்கும் சொல்வார். லொறி போனதோடு அவருடைய தொழில் போய்விட்டது. பூட்டு என்றால் இரண்டு பெட்டி கடனுக்குக் கொடுக்கலாம். லொறியில் இரண்டு சில்லை மாத்திரம் கடனுக்குக் கொடுக்க முடியுமா? ஐவேளைத் தொழுகை தவறாதவர், யாரிடமும் கையேந்தாதவர், ஒரு நாளும் புலம்பாதவர். அவருடைய மனைவி கற்பிட்டியில் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார். அவர் நெஞ்சு வருத்தத்தில் முகாமிலேயே மௌத்தானார்.

அவருக்கு ஸபுர் குறைவா? மாமாவைவிட அவர் பட்ட கஷ்டம் குறைவா? கஷ்டம்தான் மனிதனை உருவாக்குகிறது என்றால் அவரல்லவா மூன்று கடைக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும்? மலரில் அவர் இல்லை. புறக்கோட்டை முதலாளியும் இல்லை. எழுதியவன் நான், விட்டவனும் நானே. "விடாமுயற்சி" என்ற சொல் மட்டும் ஐந்து இடத்தில் வருகிறது. பின்னர் எண்ணிப் பார்த்தேன்.

மேடையில் ஏறுகிறவர்கள் கரை சேர்ந்தவர்கள். கடலில் போனவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. கரை சேர்ந்தவரைக் காட்டி, "கடல்தான் இவருக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது" என்று சொல்வது எளிது. அதே கடல் எத்தனை பேரை விழுங்கியது என்று கேட்டால் விழாவின் களை கெட்டுவிடும்.

நமது உலமாப் பெருமக்கள் சிலரும் இதற்குத் துணை போகிறார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களின் சம்பவத்தைக் குத்பாக்களில் எத்தனை முறை கேட்டிருப்போம்! மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனா வந்தார், கடைத்தெருவுக்கு வழி கேட்டார், பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றார், செல்வந்தரானார். சரி. ஆனால் அவர் வழி கேட்டது யாரிடம்? ஸஃத் இப்னு ரபீஃ (ரழி) அவர்களிடம். தன் செல்வத்தில் சரிபாதியைத் தருகிறேன் என்று அந்த மதீனாவாசி முன்வந்த பிறகுதான் இவர் "வேண்டாம், சந்தை எங்கே?" என்று கேட்கிறார். பாதிச் சொத்து காத்திருக்கிறது என்று தெரிந்த மனிதன் சந்தைக்குப் போகும் தைரியம் வேறு, பின்னால் ஒருவரும் இல்லாதவன் போகும் தைரியம் வேறு. அதோடு, அந்தச் சந்தை வந்தேறிக்குத் திறந்திருந்தது. ஊரான் இல்லை என்று யாரும் அவரைத் துரத்தவில்லை. நமது குத்பாக்களில் அப்துர் ரஹ்மான் இருக்கிறார், ஸஃத் காணாமற்போய்விடுகிறார். கேட்டுக்கொண்டிருக்கிற பணக்காரருக்கு இது வசதி. ஸஃதாக இருக்கவேண்டிய கடமை அவர் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது.

ஸபுர் என்ற சொல்லையும் நாம் வாய்மூடி இருத்தல் என்று சுருக்கிவிட்டோம். அழகிய பொறுமைக்கு நாம் உதாரணம் காட்டுவது யஃகூப் நபியை. அந்தத் தந்தை மகனுக்காக அழுதழுது கண் வெளுத்துப்போனவர். அழுததோடு நிற்கவில்லை, யூஸுபைத் தேடிவரும்படி மற்றப் பிள்ளைகளை அனுப்பியவரும் அவரே. அழுகையும் தேடலும் அவருடைய பொறுமைக்குள்ளேயே அடக்கம். அழாதே, கேட்காதே, தேடாதே, பொறுத்திரு என்று நாம் அகதிக்கும் ஏழைக்கும் போதிப்பது எந்தப் பொறுமை?

சிலர் என்னிடம் கேட்கலாம்: அப்படியானால் கஷ்டத்தைத் தாங்குவதில் ஒன்றுமே இல்லையா? உங்கள் மாமாவின் வெற்றியில் அவருக்குப் பங்கே இல்லையா? எல்லாம் முதலாளியின் தயவுதானா?

இல்லை. மாமாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் அது நாம் மேடையில் சொல்கிற பங்கு அல்ல. முதல் வாரத்திலேயே நட்டத்தை எழுதிப் பார்த்தார். வராததை வராது என்று கோடு கீறினார். கடன்காரனைக் கண்டு ஒளிக்காமல் அவனைத் தேடிப்போனார். கடை முதலாளியாக இருந்தவர் சைக்கிளில் ஆணி விற்க வெட்கப்படவில்லை. தந்த கையை மறக்கவில்லை. கஷ்டத்தை நல்ல முறையில் தாங்குவது என்றால் எனக்குத் தெரிந்து இவ்வளவுதான். இந்தப் பழக்கங்களை முகாம் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கடை நன்றாக ஓடிய காலத்திலேயே நாள்தோறும் கணக்கெழுதிப் படுத்தவர் அவர். நல்ல காலத்தில் பழகியது கெட்ட காலத்தில் கைகொடுத்தது. அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது என்பதை நாம் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

இதை 2022 மறுபடி நிரூபித்தது. அவ்வருடம் மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். 100 ரூபாவுக்கு வாங்கிய பூட்டை 130 ரூபாவுக்கு விற்றவர் முப்பது ரூபா இலாபம் என்று மகிழ்ந்தார். அதே பூட்டைத் திரும்ப வாங்கப் போனால் 180 ரூபா. இலாபம் என்று நினைத்துச் செலவழித்தது உண்மையில் கைமுதல். ஒவ்வொரு விற்பனையிலும் கடை கொஞ்சங் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருந்தது. கணக்கு எழுதியவருக்கு இது இரண்டு வாரத்தில் தெரிந்தது. எழுதாதவருக்கு இராக்கை காலியான பிறகு தெரிந்தது. ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வங்கி மேலதிகப்பற்றுகளின் வட்டி 25 சதவீதத்தையும் தாண்டிப் போனது. பொறுமையாக இருப்போம், எல்லாம் சரியாகும் என்று வீட்டை ஈடுவைத்துக் காசோலைக்கு மேல் காசோலை எழுதியவர்களை நான் அறிவேன். அவர்கள் தாங்கியது போதாதென்று யார் சொல்வது? தாங்கத்தான் செய்தார்கள். கணக்கில்லாமல் தாங்கினார்கள்.

மாமாவின் மகன் அந்த வருடம் கடையைப் பாதியாகச் சுருக்கினான். தவணை வருவதற்கு முன்னரே ஒவ்வொரு மொத்த வியாபாரிக்கும் தொலைபேசி எடுத்து, இவ்வளவுதான் தரமுடியும் என்று சொன்னான். அதில் இரண்டு பேர் சம்மதித்தார்கள், ஒருவர் சம்மதிக்கவில்லை. மூன்று பேரும் மறுத்திருந்தால் கடை இன்று இல்லை. இங்கேயும் அதே பாடந்தான். தாங்குகிறவனின் ஒழுங்கு பாதி, அவகாசம் கொடுக்கிறவனின் நெஞ்சு மறுபாதி.

அந்த மறுபாதியைப் பற்றி நமது சமூகம் என்ன செய்கிறது? நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடு, விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்பது இறைகட்டளை. ஸகாத் பெற உரித்துடைய எட்டு வகுப்பாரில் கடனாளியும் ஒருவர். ஆனால் நமது ஊர்களில் ஸகாத் என்றால் பெரும்பாலும் றமழானில் ஒரு சேலை, கையில் ஓர் ஆயிரம் ரூபா, வாசலில் நீண்ட பெண்கள் வரிசை. ஒரு தையற்காரியின் கடனை ஒரேயடியாக அடைத்து அவளை நிமிர்த்திவிடக்கூடிய பணம், இருநூறு சேலையாகச் சிதறிப்போகிறது. அவள் எங்கே போவாள்? வாராவாரம் வீட்டு வாசலுக்கு வந்து வட்டி வசூலிக்கும் நுண்கடன்காரரிடம் போவாள். அந்தக் கடன்களின் சுமை தாங்காமல் பெண்கள் தவித்ததன் விளைவாக, 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்களிடம் போய்க் "கஷ்டம் உங்களை உருவாக்கும்" என்று பேச எந்தப் பேச்சாளருக்குத் துணிவிருக்கிறது? பைத்துல்மால் வைத்திருக்கும் ஜமாஅத்துகள் கடனாளியின் பங்கைக் கடனாளிக்கே கொடுக்கட்டும். அந்த ஒரு காரியம் நூறு தன்னம்பிக்கைப் பேச்சுக்குச் சமம்.

நம் இலக்கியவாதிகளுக்கும் ஒரு வார்த்தை. நாம் இரண்டு வகையான எழுத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறோம். ஒன்று பொன்னாடை எழுத்து. அதைப் பற்றிப் போதுமான அளவு சொல்லிவிட்டேன். முதற்பிரதியை அதிக விலைக்கு வாங்குகிறவருக்கு அவருடைய வரலாற்றைத் திருத்திக் கொடுக்கும் வேலை நமக்குப் பழகிவிட்டது. அச்சுக்கூலிக்கு வழியில்லாத எழுத்தாளனின் கஷ்டமும் ஒரு கஷ்டந்தான், எனக்கும் தெரியும். ஆனால் அதற்கு விலையாகப் பக்கத்துக் கொட்டில்காரரை நாம் இரண்டாம் முறை புதைத்துவிடக் கூடாது.

மற்றது கண்ணீர் எழுத்து. வெளியேற்றம் பற்றிய நம் கவிதைகளில் ஈச்ச மரம், உப்பளம், ஓலைக் கொட்டில், உம்மாவின் கண்ணீர் எல்லாம் வருகின்றன. அந்தக் கண்ணீர் உண்மையானது. எழுதப்படாமல் போயிருந்தால் அது நமது குற்றமாகியிருக்கும். ஆயினும் முப்பத்தைந்து வருடங்களாகியும் ஓர் அகதிப் பெண் அரை இறாத்தல் மாவை எத்தனை நாளுக்குப் பங்கிட்டாள், சீட்டுப்பணத்தை எப்படிச் சேர்த்தாள், கூலிக்காரர் தொகை கூடியதால் கூலி குறைந்துபோன புத்தளத்து ஏழை அவளை எந்தக் கண்ணோடு பார்த்தான், அவனும் பொறுத்துக்கொண்டது எப்படி என்பதெல்லாம் நம் சிறுகதைகளில் எத்தனை பக்கம் வந்திருக்கும்? வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011 இல் வெளிவந்தது. மக்களிடம் நேரிற் கேட்டு எழுதிய அந்த அறிக்கை இருக்கும்போது, படைப்பிலக்கியக்காரர் நாம் இன்னும் ஈச்ச மரத்தடியில் நின்றுகொண்டிருக்கிறோம். துயரத்தை எழுதுவதும் வெற்றியை எழுதுவதும் எளிது. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஆயிரக்கணக்கான சாதாரண நாட்களை எழுதுவதுதான் கடினம். மனிதர் தாங்கியது அந்த நாட்களில்தான்.

2009 இல் போர் முடிந்தபின் மாமா யாழ்ப்பாணம் போய்த் தன் கடை இருந்த இடத்தைப் பார்த்து வந்தார். கூரையில்லை, சுவரில் ஆல் முளைத்திருந்தது. திரும்பி வந்தவரிடம் அப்போது மலருக்காக நான் கேட்டேன்: "மாமா, அந்த வெளியேற்றம் நடக்காமல் இருந்திருந்தால் நீங்கள் இவ்வளவு முன்னேறியிருப்பீர்களா?" எதிர்பார்த்த பதிலைக் கட்டுரையில் ஏற்கனவே எழுதி வைத்திருந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது நடக்காம இருந்திருந்தா நான் இன்னும் நல்லா இருந்திருப்பன், மகன். அவனும் இருந்திருப்பான்" என்றார்.

அவன் என்றது லொறிக்காரரை. அந்தப் பதிலை நான் மலரில் சேர்க்கவில்லை. கட்டுரையின் ஓட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மலர் இப்போது கைவசம் இல்லை, மறுபதிப்புப் போடலாமா என்று சங்கத்தார் கேட்டிருக்கிறார்கள். போடலாம் என்று சொல்லியிருக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. என் கட்டுரையைத் திருப்பி எழுதித் தருவேன். லொறிக்காரரும் வருவார், அவர் மனைவி நின்ற வெங்காயத் தோட்டமும் வரும். புறக்கோட்டை முதலாளியும், கணக்கில் கூடுதலாகப்போன அந்த எண்ணூறு ரூபாவும் வரும். பொன்னாடைக்குப் பொருந்தாவிட்டால் பொன்னாடையை விட்டுவிடட்டும்.